பட்டனை அழுத்தினால்தான் தெரியும் கருவி: பாம் எம்515-க்கு யூஎஸ்பி டிரைவர் போட்ட அனுபவம்

சித்தப்பாவிடம் இருக்கும் பாம் எம்515 இன்றும் நன்றாக ஓடுகிறது. 2002-ல் வந்த கையடக்கக் கணினி. 33 மெகாஹெர்ட்ஸ் டிராகன்பால் செயலி, 16 எம்பி நினைவகம், பாம் ஓஎஸ் 4.1. தொலைபேசி எண்கள், சந்திப்புகள், நீண்ட குறிப்புகள் எல்லாவற்றையும் அதில்தான் எழுதி வைத்திருக்கிறார். அது இணைந்திருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி நின்றுபோனதும், 64-பிட் விண்டோஸ் 10 கணினியோடு அதைச் சேர்த்துத் தரும் வேலை என்னிடம் வந்தது.

நிலைமை இதுதான். கிரேடிலில் (கணினியோடு இணைக்கும் தாங்கியில்) கருவியை வைத்து, தரவை ஒத்திசைக்கும் ஹாட்சிங்க் பட்டனை அழுத்தினால் பாம் திரையில் ‘இணைக்கிறது’ என்று வரும். கணினிப் பக்கம் சில நேரம் ‘யூஎஸ்பி கருவியை அடையாளம் காண முடியவில்லை’ என்ற அறிவிப்பு, சில நேரம் ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் பாம் சலித்துப்போய், இணைப்பு ஏற்படவில்லை, அமைப்பைச் சரிபார்க்கவும் என்று சொல்லிவிடும்.

இப்படி ஒரு சிக்கல் என்றாலே ‘டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்’ என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். (டிரைவர் என்பது ஒரு கருவியோடு பேசக் கணினிக்குத் தேவைப்படும் சிறு மென்பொருள்.) இந்தக் கருவி விஷயத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஏன் என்று புரிய, இது யூஎஸ்பியில் எப்படி நடந்துகொள்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

விசைப்பலகையோ பென் டிரைவோ செருகியவுடன் கணினிக்குத் தெரிந்துவிடும். எடுக்கும்வரை தெரிந்துகொண்டே இருக்கும். எம்515 அப்படி இல்லை. கிரேடிலைக் கணினியில் செருகி, கருவியை அதன்மேல் வைத்தாலும் கணினியைப் பொறுத்தவரை அங்கே ஒன்றும் இல்லை. ஹாட்சிங்க் பட்டனை அழுத்தும்போதுதான் பாம் தன் யூஎஸ்பி பகுதியை எழுப்பி ‘நான் இருக்கிறேன்’ என்று காட்டுகிறது. அப்போதும் எதிர்ப்பக்கம் பேச ஒரு மென்பொருள் தயாராக இல்லையென்றால் சிறிது நேரத்தில் தானே விலகிக்கொள்ளும். அதனால், பட்டனை அழுத்தாமல், விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்துத் தேடுவதில் அர்த்தமே இல்லை. அந்தச் சில நொடிகளில் கணினி என்ன பார்க்கிறது என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் பதில்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இதை யாரும் தாண்டிப் போகக்கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். இந்த வகைக் கருவிகளில் பயனர் எழுதிய எல்லாமே ராம் நினைவகத்தில்தான் இருக்கும். பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் அத்தனையும் போய்விடும். இயங்குதளம் மட்டும், மின்சாரம் போனாலும் அழியாத ரோமில் தப்பிக்கும். டிரைவர் தேடலில் ஒரு வாரம் ஓடினால், கருவி அலமாரியில் கிடந்தே வெறுமையாகிவிடலாம். அதனால் முதலில் நன்றாகச் சார்ஜ் ஏற்றுங்கள், அடுத்து யூஎஸ்பியை நம்பாமலே ஒரு பேக்கப் எடுங்கள்.

யூஎஸ்பி இல்லாமல் எப்படி? எம்515-ல் மேலே எஸ்டி கார்டு செருகும் இடம் இருக்கிறது. கருவியிலேயே இருக்கும் ‘காப்பி’ வசதி செயலிகளை நகர்த்தத்தான் உதவும்; முகவரிப் புத்தகத்தின் தரவுத்தளத்தை அதில் எடுக்க முடியாது. அதற்கு ஃபைல்இசட் போல ஒரு இலவசக் கோப்பு மேலாளர் தேவை. அதைக் கருவியில் ஏற்றவே ஹாட்சிங்க் வேண்டுமே என்று தோன்றும். வேண்டாம். கார்டில் ‘பாம்’ என்று ஒரு கோப்புறை, அதற்குள் ‘லாஞ்சர்’ என்று இன்னொன்று (இரண்டு பெயரும் ஆங்கில எழுத்தில்) உருவாக்கி, செயலியின் கோப்பை அதில் போட்டுக் கார்டைச் செருகினால், பாம் ஓஎஸ் 4 அதைக் கார்டிலிருந்தே இயக்கிவிடும். அதை வைத்து நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பு ஆகிய நான்கு தரவுத்தளங்களையும் கார்டுக்கு நகலெடுத்தேன். கார்டு விஷயத்தில் ஒன்று: அதிகக் கொள்ளளவுள்ள எஸ்டிஎச்சி வகை இந்தக் கருவி வந்து சில வருடங்கள் கழித்துத்தான் வந்தது, அதை இது படிக்காது. பழைய சிறிய எஸ்டி கார்டு, ஃபேட்16 வடிவம் என்றால் பிரச்சினை இல்லை.

நகல் கணினிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு நிதானமாக வேலை பார்க்க முடிந்தது.

அடுத்து, குறை கம்பியிலா டிரைவரிலா என்று பிரிக்க வேண்டும். இதற்கு லினக்ஸ் இயங்குதளம் போல வசதியான கருவி வேறில்லை. பென் டிரைவிலிருந்து கணினியை லினக்ஸில் தொடங்கினேன். நிறுவ வேண்டிய அவசியம் இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ‘வைசர்’ என்ற பெயரில் பாம் கருவிகளுக்கான டிரைவர் வெகுகாலமாகவே இருக்கிறது. வைசர் என்பது ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனத்தின் பாம் ஓஎஸ் கருவி. பெயர் அதிலிருந்து வந்தது. டெர்மினலில் கெர்னல் செய்திகளை ஓடவிட்டுப் பட்டனை அழுத்தினேன்.

வந்தவை இவை: புதிய ஃபுல்-ஸ்பீடு யூஎஸ்பி கருவி ஒன்று வந்திருக்கிறது, கருவி விவரத்தைப் படிக்க முயன்றதில் பிழை -71, மறுபடி முயற்சி, மறுபடி -71, கடைசியில், இந்தப் போர்ட்டில் இருக்கும் கருவிக்கு முகவரி கொடுக்க முடியவில்லை.

இந்த -71 மிகவும் உதவியான எண். யூஎஸ்பியில் அது பெரும்பாலும் வழியில் தகவல் சிதைந்து வருகிறது என்பதற்கான அடையாளம். கருவி வந்துவிட்டது என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது? யூஎஸ்பியில் தரவுக்கு இரண்டு கம்பிகள். ஃபுல்-ஸ்பீடு கருவி அதில் ‘டி பிளஸ்’ கம்பியை ஒரு மின்தடை வழியாக மேலே இழுத்துவைக்கிறது. அதைப் பார்த்துக் கணினி, யாரோ வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்கிறது. பிறகு ‘நீ யார்’ என்று கேட்கும்போதுதான் இரண்டு கம்பியும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். ஒன்றில் தொடர்பு பலவீனமாக இருந்தால், வந்தது தெரியும், யார் என்பது தெரியாது. விண்டோஸ் ‘அடையாளம் காண முடியவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். எந்த டிரைவரும் இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் கருவியின் எண் தெரிந்த பிறகுதான் எந்த டிரைவர் என்ற கேள்வியே வரும்.

கருவியை வைத்ததும் பச்சை விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏறுகிறது, அதனால் தொடர்பு நன்றாக இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. சார்ஜுக்கான முனைகள் வேறு, தரவுக்கான முனைகள் வேறு. ஒன்று வேலை செய்வது இன்னொன்றுக்குச் சாட்சி ஆகாது.

கிரேடிலைக் கணினியிலிருந்தும் மின்சாரத்திலிருந்தும் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். ஸ்பிரிங் வைத்த சிறு முனைகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு முனைகள் மங்கிக் கறுத்திருந்தன. ஒன்று மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாழ்ந்து, அழுத்தினால் மெதுவாகவே எழுந்தது. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் முனைகளையும், பாமின் அடியில் இருக்கும் தட்டையான தொடுபகுதிகளையும் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது. தாழ்ந்திருந்த முனையின் ஓரத்தில் ஒரு துளி ஆல்கஹால் விட்டு, மரத்தாலான பல்குத்தியால் மெதுவாக அழுத்தி அழுத்தி விட்டதில் அது மற்றவற்றின் உயரத்துக்கு வந்துவிட்டது. அழிப்பானால் தேய்க்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. முனைகளின் மேல்பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் அதுவும் போய்விடும். வேண்டாம்.

நன்றாக உலர்ந்த பிறகு மறுபடி லினக்ஸ், மறுபடி பட்டன். இந்த முறை சுத்தமாக வந்தது: விற்பனையாளர் எண் 0830, தயாரிப்பு எண் 0003. 0830 பாம் நிறுவனத்துக்கு உரியது, 0003 எம்515. கூடவே வைசர் டிரைவர் தானாக ஏறி, டிடிஒய்யூஎஸ்பி0, டிடிஒய்யூஎஸ்பி1 என்று இரண்டு போர்ட்களை உருவாக்கியது. பொதுவாக இதில் இரண்டாவதுதான் ஹாட்சிங்குக்கு. சோனி கிளியே கருவிகள் சிலவற்றில் முதலாவது. யாரும் பேசாததால் சிறிது நேரத்தில் இரண்டு போர்ட்களும் மறைந்தன. அது குறை அல்ல, கருவியின் இயல்பு.

லினக்ஸிலேயே வேலையை முடித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ‘பைலட்-லிங்க்’ கருவித்தொகுப்பு இருக்கிறது. அதில் உள்ள ‘பைலட்-எக்ஸ்ஃபர்’ முழுக் கருவியையும் ஒரு கோப்புறைக்குள் பேக்கப் எடுத்துத் தரும். பயனர், சீரியல் போர்ட்களைத் திறக்க உரிமை உள்ள டயல்அவுட் குழுவில் இல்லையென்றால் அந்தப் போர்ட்டைத் திறக்க அனுமதி கிடைக்காது. பலர் அங்கே நின்றுவிடுகிறார்கள். சித்தப்பாவுக்கு விண்டோஸில் பாமின் தரவைப் பார்க்கும் பாம் டெஸ்க்டாப் மென்பொருள்தான் பழக்கம். அதனால் விண்டோஸுக்குத் திரும்பினேன்.

இப்போது விண்டோஸில் படம் மாறியிருந்தது. முன்பு டிவைஸ் மேனேஜரில் வந்த பதிவுக்குப் பிழை எண் 43. ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடியைப் பார்த்தால் விஐடி (விற்பனையாளர் எண்) 0000, பிஐடி (தயாரிப்பு எண்) 0002. இது உண்மையான கருவியின் எண் அல்ல. விவரத்தைப் படிக்க முடியாதபோது விண்டோஸ் தானே போடும் எண். சுத்தம் செய்த பிறகு வந்திருக்க வேண்டியது விஐடி 0830, பிஐடி 0003, டிரைவர் இல்லை என்ற பிழை எண் 28. எண் சரியாக வந்தது, ஆனால் 28-க்குப் பதிலாக ஏதோ ஒரு பொதுவான சீரியல் போர்ட் டிரைவர் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

கருவி சில நொடிகளில் மறைந்துவிடுவதால் இதை டிவைஸ் மேனேஜரில் மட்டும் பார்த்துப் பிடிப்பது கஷ்டம். விண்டோஸ் கோப்புறைக்குள் ஐஎன்எஃப் என்ற கோப்புறையில் செட்அப்ஏபிஐ என்று தொடங்கும் லாக் கோப்பு இருக்கும். கருவி நிறுவப்படும்போது எந்த எண் வந்தது, எந்த ஐஎன்எஃப் கோப்பு (ஒரு டிரைவர் எந்தக் கருவிகளுக்கு என்று சொல்லும் கோப்பு) பொருத்தம் என்று தேர்வானது, எதில் முடிந்தது எல்லாம் நேரத்தோடு அதில் பதிவாகும். கருவி போன பிறகும் பதிவு இருக்கும். அதில் 0830 என்று தேடினேன். இந்தக் கணினியில் முன்பு ஓடவிட்டிருந்த, டிரைவர்களைத் தானாகத் தேடிப் போடும் மென்பொருள் ஒன்றுதான் இந்தத் தவறான டிரைவரைப் போட்டிருக்கிறது என்று தெரிந்தது. இத்தகைய மென்பொருள்களைப் பழைய கருவிகள் பக்கமே விடாதீர்கள்.

டிவைஸ் மேனேஜரில் ‘வியூ’ பட்டியலில் மறைந்திருக்கும் கருவிகளைக் காட்டச் சொன்னால், இப்போது இணைப்பில் இல்லாதவை மங்கிய சின்னத்தோடு தெரியும். பாமுக்கான பதிவைத் தேடி, டிரைவர் மென்பொருளையும் சேர்த்து நீக்கு என்ற பெட்டியில் குறியிட்டு நீக்கினேன்.

சரி, இப்போது உண்மையான டிரைவர். பாம் டெஸ்க்டாப் 4.1.4-உடன் வரும் யூஎஸ்பி டிரைவர் 32-பிட். 64-பிட் விண்டோஸில் 32-பிட் மென்பொருள் ஓடும், ஆனால் கெர்னலுக்குள் ஏறும் டிரைவர் 64-பிட்டாகத்தான் இருந்தாக வேண்டும். பழைய மென்பொருளை ஓடவைக்க விண்டோஸ் தரும் பொருந்து முறை, நிர்வாகி அனுமதி எதுவும் இதை மாற்றாது. நியூசிலாந்தில் இருந்து பாம் ஓஎஸ் கருவிகள் தயாரித்த அசீகா என்ற நிறுவனம், தன் கருவிகளுக்காக ஒரு 64-பிட் யூஎஸ்பி டிரைவரை வெளியிட்டது. பாம் பயனர்களை 64-பிட் விண்டோஸில் வாழ வைத்திருப்பது அதுதான்.

நிறுவும் முன் அதன் ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து, உங்கள் கருவியின் இரண்டு எண்களும் ஒரே வரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 0830-உடன் 0003 இருக்கும் வரி அதில் இருந்தது. இல்லாவிட்டால் நாமே ஒரு வரி சேர்த்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் கோப்புக்கான டிஜிட்டல் கையொப்பம் செல்லாது, 64-பிட் விண்டோஸ் அதை ஏற்காது.

நிறுவுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கமாகக் கருவியைச் செருகி, டிவைஸ் மேனேஜரில் வலது சொடுக்கி, ‘அப்டேட் டிரைவர்’ போய், கோப்புறையைக் காட்டுவோம். அந்தச் சாளரங்களை ஒவ்வொன்றாகக் கடப்பதற்குள் பாம் விலகிவிடும். கருவி காணவில்லை என்று நிறுவல் பாதியில் நிற்கும். அதனால் வரிசையை மாற்றுங்கள். கருவி இணைப்பில் இல்லாதபோதே, நிர்வாகி அனுமதியோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் ‘பிஎன்பியூடில்’ கட்டளையால் டிரைவரை விண்டோஸின் டிரைவர் சேமிப்பில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் பட்டனை அழுத்தினால், எண்ணைப் பார்த்தவுடன் விண்டோஸ் தானே டிரைவரை எடுத்துப் பொருத்திவிடும். இந்தக் கருவிக்கு டிரைவர் போடுவதில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான்: டிரைவர் முன்னால் வந்து காத்திருக்க வேண்டும், கருவி பின்னால் வர வேண்டும்.

அப்படியே செய்தேன். பொருந்தியது. ஆனாலும் முதல் அழுத்தலில் ஹாட்சிங்க் நடக்கவில்லை. காரணம் எளிது: கணினியின் கடிகாரப் பக்கத்தில் இருக்கும் ஹாட்சிங்க் மேனேஜர் சின்னத்தைச் சொடுக்கினால் வரும் பட்டியலில் ‘லோக்கல் யூஎஸ்பி’க்குக் குறி இல்லை. பாமிலும் ஹாட்சிங்க் செயலியில் ‘லோக்கல்’, அதன் கீழ் ‘கிரேடில்/கேபிள்’ என்று இருக்கிறதா பாருங்கள். அகச்சிவப்பு வழி தேர்வாகியிருந்தால் அது கம்பிப் பக்கம் திரும்பியே பார்க்காது.

போர்ட் விஷயத்தில் ஒரு கவனிப்பு. இந்தக் கணினியின் யூஎஸ்பி 3 போர்ட்டில் நேரடியாகச் செருகினால் இணைப்பு சில நேரம் நடுவில் அறுந்தது. இடையில் ஒரு யூஎஸ்பி 2.0 ஹப் வைத்ததும் அப்படி அறுவது நின்றுவிட்டது. எல்லாக் கணினிக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சோதிக்க எளிது.

தங்கள் கருவியின் எண் அந்த ஐஎன்எஃப்பில் இல்லாதவர்கள் மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வழியில் போகலாம். விர்ச்சுவல்பாக்ஸில் 32-பிட் எக்ஸ்பி, அதற்குள் பாமின் சொந்த டிரைவர். இங்கும் அந்தச் சில நொடி இயல்புதான் குறுக்கே வரும். பட்டனை அழுத்திவிட்டுப் பட்டியலில் கருவியைத் தேடிச் சொடுக்க நேரம் இருக்காது. யூஎஸ்பி அமைப்பில் விற்பனையாளர் எண் 0830 என்று ஒரு ஃபில்டர் போட்டுவிட்டால், கருவி தலைகாட்டியவுடன் அது உள்ளே போய்விடும்.

டிரைவர் முடிந்தது, இனி தரவு. பாம் டெஸ்க்டாப் 4.1.4 பயனர் தரவைத் தன் நிறுவல் கோப்புறைக்குள்ளேயே எழுதும் பழக்கம் உள்ளது. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் சாதாரணப் பயனர் எழுத விண்டோஸ் அனுமதிப்பதில்லை. இத்தகைய பழைய மென்பொருள் எழுத முயன்றால், ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற வேறொரு இடத்துக்குச் சத்தமில்லாமல் திருப்பிவிடும். விளைவு: ஹாட்சிங்க் மேனேஜரை நிர்வாகியாகவும் பாம் டெஸ்க்டாப்பைச் சாதாரணமாகவும் திறந்தால், இரண்டும் இரண்டு வெவ்வேறு நகல்களைப் பார்க்கும். ஒத்திசைவு வெற்றி என்று வரும், டெஸ்க்டாப் காலியாக இருக்கும். டிரைவரில் கோளாறு என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கும் இடம் இது. நிறுவும்போதே சி டிரைவின் வேரில் ‘பாம்’ என்று ஒரு கோப்புறை கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. அப்படித்தான் செய்தேன்.

முதல் ஒத்திசைவுக்கு முன் ஹாட்சிங்க் மேனேஜரின் ‘கஸ்டம்’ பகுதிக்குப் போய், நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பு நான்கிலும் ‘கைக்கருவி கணினியை மேலெழுதட்டும்’ என்று மாற்றினேன். புதிதாக நிறுவிய டெஸ்க்டாப் வெறுமையானது. எதிர்த்திசைத் தேர்வு எங்காவது விழுந்திருந்தால், அந்த வெறுமை கருவிக்குள் போய்விடும். இந்த அமைப்பு ஒரு முறைக்கு மட்டும்தான் செல்லும். நிரந்தரமாக்கும் குறியைத் தொடாமல் விட்டால் அடுத்த முறை தானாக இருபக்க ஒத்திசைவுக்குத் திரும்பிவிடும்.

பட்டனை அழுத்தினேன். நாட்காட்டி, முகவரி, குறிப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் மாறி, முடிந்ததற்கான ஒலி இரண்டு பக்கமும் வந்தது. டெஸ்க்டாப்பில் குறிப்புகளின் எண்ணிக்கையைக் கருவியோடு ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. பிறகு டெஸ்க்டாப்பில் ஒரு சோதனைக் குறிப்பு எழுதி மறுபடி ஒத்திசைத்து, அது பாமுக்குப் போகிறதா என்றும் பார்த்தேன். போனது.

சித்தப்பாவுக்கு இரண்டு விஷயம் காட்டிக் கொடுத்தேன்: ஹப்பில் எந்த இடத்தில் செருக வேண்டும் என்பது, கிரேடில் முனைகளை எப்படித் துடைப்பது என்பது. பேட்டரி முன்போல் தாங்குவதில்லை என்கிறார். கருவியைத் திறந்து அதை மாற்றுவது அடுத்த வேலை. இப்போது தரவின் நகல் கணினியிலும் கார்டிலும் இருப்பதால், துணிந்து திறக்கலாம்.